பதினேழு மெட்டுகளும் தோபியா லும்ப்ரோசோவும்

1966 வரை எஜிஸ்தோ மன்னூச்சி மொத்தம் ஒன்பது இசைத்தட்டுகள் போட்டிருந்தார். எட்டுத் தட்டுகளில் பக்கத்துக்கு ஒரு பாட்டு. ஒன்பதாவதில் மட்டும் முன்பக்கம் பாட்டு, பின்பக்கம் அதே பாட்டின் அக்கார்டியன் வாசிப்பு. ஆகப் பதினேழு பாட்டுகள். எல்லாத் தட்டின் லேபிளிலும் ‘பாட்டு: எ. மன்னூச்சி, மெட்டு: தோ. லும்ப்ரோசோ’ என்று அச்சாகியிருக்கும். அந்த லும்ப்ரோசோ யாரென்று இத்தாலியின் துறைமுக ஊரான எங்கள் லிவோர்னோவில் ஒருவருக்கும் தெரியாது.

நான் இல்வா. மார்க்கெட் பக்கம் கடலைமாவு அடை சுட்டு, ரொட்டிக்குள் வைத்து விற்கிறேன். சனி, ஞாயிறுகளில் துறைமுகத் தொழிலாளர் மன்றத்து மேடைக்கு முன்னால் இருக்கும் குழிக்குள் உட்கார்ந்து, நடிகர்கள் மறந்துபோகும் வசனத்தை மெல்ல எடுத்துக் கொடுப்பேன். பதினோரு வருஷமாக அந்தக் குழிதான். அதனால் எஜிஸ்தோவின் ஆறு நாடகங்களும் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

எஜிஸ்தோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். நாடகமெல்லாம் அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்து எழுதியதுதான். கப்பல் வரத் தாமதமானால் ஒரு காட்சி, மழை பிடித்துக்கொண்டால் இன்னொரு காட்சி. மீன்காரிகளும் சுமைதூக்கிகளும் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சண்டை போட்டுக்கொள்வார்கள், நடுநடுவே பாடுவார்கள். அடக்கம் என்பதெல்லாம் அவருக்குக் கிடையாது. ஒரு வசனத்துக்குக் கைதட்டல் விழுந்தால் திரைக்குப் பின்னாலிருந்து “அது நான் எழுதினது!” என்று கத்துவார். அப்படிப்பட்ட மனிதர் மெட்டை மட்டும் தன்னுடையது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த மெட்டுகள் வந்த விதமும் விசித்திரம்தான். புதுப் பாட்டு என்றால் அக்கார்டியன் வாசிக்கும் பிரிமோ காலை ஆறரை மணிக்கு அவர் வீட்டுக்குப் போக வேண்டும். எஜிஸ்தோ முகம் முழுக்க சோப்பு நுரையோடு கண்ணாடி முன்னால் நின்று மெட்டைச் சீட்டியடிப்பார். வேறு நேரத்தில் கேட்டால் வராது என்பார்.

ஊரில் ஆளுக்கொரு கதை. லும்ப்ரோசோ ஒரு பாதிரியார், அதனால்தான் வெளியே வரமாட்டேன் என்கிறார் என்றார்கள். “அவன் பீசாக்காரன்டி. அந்த ஊருக்கும் நமக்கும்தான் ஆகாதே. ஊர்ல தெரிஞ்சா ஒருத்தனும் தட்டு வாங்கமாட்டான்னு இவன் மறைக்கிறான்,” என்று என் கடைக்கு வரும் மீனவர்கள் சத்தியம் செய்தார்கள். எங்கள் பாடகி டிர்சே இன்னும் ஒரு படி மேலே போனாள்.

“எஜிஸ்தோ வளர்த்த நாயோட பேரு அது. நல்ல நாய். மெட்டுப் போட்டுட்டு செத்துப்போச்சு.”

டிர்சேக்குக் குரல் தேன். நினைவுதான் சல்லடை. அதனால் மிலானோவில் பாட்டுப் பதியப் போகும்போதெல்லாம் என்னையும் கூட்டிப் போனார்கள். நாலாவது தட்டில் இரண்டாம் சரணத்துக்கு முன்னால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் ‘உப்பு’ என்று ஒரு முணுமுணுப்பு கேட்கும். அது நான்தான்.

ஒன்பதாவது தட்டைப் பதியப் போனபோதுதான் விஷயம் முற்றியது. தட்டுக் கம்பெனியின் ஆள் கஸ்தோல்தி, மெலிந்த மனிதர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

“முன்பக்கம் ஆச்சு. பின்பக்கத்துக்கு என்ன பாட்டு, சின்யோர் மன்னூச்சி?”

“இல்ல.”

“இல்லன்னா? ஒரு வாரம் வேணும்னா எடுத்துக்குங்க. எழுதிட்டு வாங்க.”

“வார்த்தை எத்தனை வேணும்? இப்பவே தர்றேன். மெட்டு தீந்துபோச்சு.”

“மெட்டு என்ன மண்ணெண்ணெயா, தீந்துபோக? லும்ப்ரோசோகிட்ட சொல்லுங்க, இன்னொண்ணு போடச் சொல்லுங்க.”

எஜிஸ்தோ தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். “அவர்கிட்ட சொல்ல முடியாது,” என்று மட்டும் சொல்லிவிட்டு ரயிலடிக்குக் கிளம்பிவிட்டார். பின்பக்கத்தைப் பிரிமோ வாசித்து நிரப்பினான். அதன் பிறகு புது நாடகமும் வரவில்லை. எழுதச் சொன்னால், “பாட்டில்லாம என்ன நாடகம்?” என்பார். நாற்பத்து நாலு வயதில், ஊரே அவர் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது, கடையைச் சாத்திவிட்டார்.

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. முடிச்சைப் பார்த்தால் அவிழ்க்காமல் இருக்க முடியாது. லும்ப்ரோசோ என்பது எங்கள் ஊர் யூதர்களின் பெயர். அது எல்லோருக்குமே தெரியும். ஆனால் ஒருவரும் போய் விசாரிக்கவில்லை, கதை கட்டுவதுதான் சுகம் என்று இருந்துவிட்டார்கள். ஒரு திங்கட்கிழமை கடையை அடைத்துவிட்டு, யூதர் சபை அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே பதிவேடுகளைக் கவனிக்கும் பியான்கா என்ற அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் கொண்டுபோன தட்டின் லேபிளைப் படித்தார்.

“தோ-வில ஆரம்பிக்கிற லும்ப்ரோசோ ரெண்டு பேர் இருந்தாங்கம்மா. ஒருத்தர் குரு, ரப்பி. பாட்டுச் சத்தம் கேட்டா ஜன்னலை மூடிடுவார். இன்னொருத்தர் தோபியா. அவருக்கும் மெட்டுக்கும் என்ன சம்பந்தம்? பட்டன் வித்தவர் அவர். கோட்டுப் பட்டன், சட்டைப் பட்டன்.”

“இப்ப எங்க இருக்கார்?”

அவர் பதிவேட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். போரில் ஊர்மேல் குண்டு விழுந்த பிறகு குடும்பம் மலைப்பக்கம் ஒரு பண்ணையில் ஒளிந்திருந்திருக்கிறது. 1944 ஜனவரியில் மாவு வாங்கக் கீழே இறங்கிய தோபியாவை நாஜிகள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பவில்லை. மனைவியும் மகள் அல்லேக்ராவும் பிழைத்து, போருக்குப் பிறகு பிரான்சுக்குப் போய்விட்டார்கள். மார்செய் நகரத்து முகவரி இருந்தது. பழைய வீட்டு முகவரியும் இருந்தது. எஜிஸ்தோ பிறந்து வளர்ந்த அதே தெரு, அதே கதவு எண், மாடி வீடு.

அன்றைக்கே முதல் தட்டை அட்டையில் சுற்றி, கடிதம் வைத்து மார்செய்க்கு அனுப்பினேன். மறுநாள் எஜிஸ்தோ என் கடையில் நின்று ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டேன்.

“தோபியா உங்க மாடி வீட்டுக்காரரா?”

மெல்லுவது நின்றுவிட்டது. மிளகுத்தூளைத் தட்டி, ரொட்டியைக் காகிதத்தில் திரும்பச் சுற்றினார்.

“யார் சொன்னா உனக்கு?”

“நானே தேடினேன்.”

“உனக்கு வேற வேலை இல்ல?” என்றார். ஆனால் போகவில்லை. கடைக்குள்ளே வந்து மாவு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

“எங்க வீடு கீழ, அவங்க வீடு மேல. நடுவில முற்றம். காலைல அவர் ஜன்னல்கிட்ட நின்னு சவரம் பண்ணுவார். பண்ணும்போது சீட்டியடிப்பார். கெணத்துக்குள்ள விழுற மாதிரி முற்றம் முழுக்கக் கேக்கும். எனக்குப் பதினாறு வயசு இருக்கும்போது யூதருங்களை ஒதுக்கிவைக்கிற அந்தச் சட்டம் வந்துச்சு. அவர் பொண்ணைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திட்டாங்க. எங்க வீட்ல யாரும் ஒரு வார்த்தை பேசல, இல்வா. நானும்தான். படியில பாத்தா வணக்கம் சொல்வேன், அவ்வளவுதான். அவர் சீட்டியடிக்கிறதை மட்டும் நிறுத்தவே இல்ல. அப்புறம் என்னைப் பட்டாளத்துல பிடிச்சுப் போட்டாங்க. திரும்பி வந்தா வீடு இல்ல, பள்ளம்தான் இருக்கு. அந்தப் பள்ளத்துகிட்ட நின்னப்ப அவர் மெட்டு ஒண்ணு காதுல வந்துச்சு. அப்புறம் ஒண்ணு. சவரம் பண்ணும்போதெல்லாம் வரும். பதினேழு வந்துச்சு. அதோட நின்னுபோச்சு.”

“அதனாலதான் அவர் பேரு.”

“பின்ன? அவர் மெட்டுக்கு என் பேரையா போடுவேன்? போகட்டும். அந்தப் பொண்ணுக்கு எழுதிகிழுதி வைக்காத.”

“நேத்தே அனுப்பிட்டேன்.”

அவர் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. லிவோர்னோக்காரர்களுக்கு அது புரியும்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. அல்லேக்ரா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். தட்டைக் கேட்டதாகவும், மே மாதம் விடுமுறையில் வருவதாகவும், மற்றப் பாட்டுகளையும் கேட்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாள். தட்டில் இருந்த இரண்டு பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது எனக்கு உறுத்தியது.

மே மாதம் ரயிலிலிருந்து இறங்கியவளுக்கு முப்பத்தெட்டு வயது. குட்டையான, பலமான தோள்கள். பேச்சில் பிரெஞ்சு கலந்திருந்தாலும், கோபம் வந்தால் அச்சு அசல் எங்கள் ஊர்ப் பேச்சு. எஜிஸ்தோ சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். கை கொடுத்ததும் அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அன்று மதியம் மன்றத்தில் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்தோம். பிரிமோ வாசித்தான், டிர்சே பாடினாள், வழக்கம்போல நான் வார்த்தை எடுத்துக் கொடுத்தேன். முதல் பாட்டு ஆரம்பித்ததுமே அல்லேக்ரா கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். எஜிஸ்தோ எங்களைப் பெருமையாகப் பார்த்தார். இரண்டாவது பாட்டுக்கு அவள் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள். ஆறாவது பாட்டில் ஒருமுறை நிமிர்ந்தாள். பதினொன்றில் ஒருமுறை. பதினேழும் முடிந்ததும் அல்லேக்ரா எழுந்தாள்.

“ரொம்ப அழகா இருந்துச்சு,” என்றாள். “மூணு அப்பாவோடது. ஒண்ணு, ஆறு, பதினொண்ணு. மத்தது எனக்குத் தெரியாது.”

எஜிஸ்தோ சிரித்தார். “சின்னப் பொண்ணு நீங்க அப்ப. மறந்துருக்கும்.”

“பதினாலு வயசு வரைக்கும் அப்பா கூட இருந்தேன். அந்தப் பண்ணையிலகூட தினம் சவரம் பண்ணினார். அவருக்குத் தெரிஞ்சது மூணே மெட்டு. வருஷம் பூரா அதே மூணு. அம்மா பாத்திரத்தைத் தட்டி, ‘நாலாவது ஒண்ணு கத்துக்கோ, இல்ல வாயை மூடு’ன்னு சத்தம் போடுவாங்க.”

“பதினேழு! நான் கேட்டேன். என் ரெண்டு காதால!”

“சின்யோர் எஜிஸ்தோ, அவர் எங்க அப்பா.”

“எனக்கும் காது இருக்கு!”

“அப்ப மிச்சம் பதினாலும் நாயோடதுதான்,” என்றாள் டிர்சே. யாரும் சிரிக்கவில்லை. எஜிஸ்தோ நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டார்.

இரண்டு நாள் அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூடக் கிரேனிலிருந்து இறங்கவில்லை. மூன்றாம் நாள் அடை வைத்த ரொட்டியோடு போய்க் கீழே நின்று கூப்பிட்டேன். பாதி ஏணி இறங்கி வந்து உட்கார்ந்தார்.

“பதினாலு பாட்டு உங்க சொந்தம்னு சொல்றா. சந்தோஷப்பட வேண்டாமா?”

“சந்தோஷமா?” அவர் கண் சிவந்திருந்தது. “அவங்க வீட்டுக்காக நான் எதுவும் செய்யல, இல்வா. ஒரு வார்த்தைகூட. ஆனா இந்தப் பதினேழையும் காப்பாத்திட்டேன்னு இருபது வருஷமா நெனச்சிட்டிருந்தேன். அவர்கிட்ட இருந்ததுல இதாவது மிஞ்சட்டும்னு. இப்ப அவ வந்து பதினாலைப் பிடுங்கிட்டுப் போறா. அவர் இன்னும் கொஞ்சம் செத்துட்ட மாதிரி இருக்கு.”

ரொட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு நேராக அல்லேக்ரா தங்கியிருந்த அறைக்குப் போய், அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் கேட்டுவிட்டு ஜன்னலோரம் போய் நின்றாள். அப்புறம் காலணியை மாற்றினாள்.

“எந்தக் கிரேன்?”

கிரேன் ஏணியில் ஒரு பெண் ஏறி அதுவரை எங்கள் துறைமுகம் பார்த்ததில்லை. சுமைதூக்கிகள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். “ஏய், எஜிஸ்தோ! மாப்பிள்ளை கேட்டு வராங்கடா!” என்று ஒருவன் கத்தினான். அல்லேக்ரா ஏணியில் நின்றபடியே குனிந்து, அவன் அம்மாவைப் பற்றி ஒன்று சொன்னாள். கீழே ஒரே கைதட்டல். இருபது வருஷம் மார்செய்யில் இருந்தும் அவள் எதையும் மறக்கவில்லை.

நான் பாதி ஏணி வரை ஏறினேன். அங்கேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் கூண்டுக் கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது.

“நீங்க மூணையும் பாட்டுல முழுசாப் போட்டிருக்கீங்க,” என்றாள் அவள். “ஆனா அப்பா ஒண்ணையும் முழுசா அடிச்சதே இல்ல. அதை நான் அன்னைக்குச் சொல்லல. கேளுங்க.”

சீட்டியடித்தாள். முதல் பாட்டின் மெட்டு. மேலே ஏறி, வளைந்து, இறங்கப் போகும் இடத்தில் சட்டென்று நின்றது.

“ஏன் நிறுத்திட்டீங்க?” என்றார் எஜிஸ்தோ.

“அங்கதான் நிக்கும். கத்தி மேல் உதட்டுக்கு வந்துடும். உதட்டை இழுத்துப் பிடிச்சிட்டு எப்படிச் சீட்டியடிக்கிறது? சவரம் முடிஞ்சதும் முகத்தைக் கழுவிட்டு, பட்டன் பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவார். மிச்சத்தை முடிக்கவே மாட்டார். மூணுமே அப்படித்தான்.”

கீழே அலை படகுகளில் அறைவது கேட்டது.

“கீழ் வீட்ல நீங்க என்ன பண்ணினீங்க?” என்று கேட்டாள். இந்தமுறை குரல் மெதுவாக இருந்தது.

எஜிஸ்தோ சொன்னார். “எரிச்சலா இருக்கும். பாதியில விட்டா எனக்குத் தாங்காது. நானே மனசுக்குள்ள முடிச்சுக்குவேன். நேத்து ஒரு மாதிரி முடிச்சிருப்பேன், இன்னைக்கு அது பிடிக்காது. வேற மாதிரி முடிப்பேன். தினமும்…” அவர் பேச்சை நிறுத்தினார். “தினமும்,” என்று மறுபடி சொன்னார்.

“அஞ்சு வருஷம்,” என்றாள் அல்லேக்ரா.

“கடவுளே.” எங்கள் ஊரில் அவரைப்போல் நாத்திகம் பேசுகிறவர் கிடையாது. அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன்.

அப்புறம் இருவரும் ஒவ்வொரு பாட்டாக எடுத்துப் பார்த்தார்கள். அவள் சீட்டியடித்து நிறுத்துவாள், அவர் தொடர்ந்து ஒரு புதுப் பாதையில் போய் முடிப்பார். பாட்டுகளில் ஆரம்பம் உதிர்ந்துபோய் அவர் முடித்த பகுதி மட்டுமே நின்றிருந்தது, அதனால்தான் மன்றத்தில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. “இது நாலாவது பாட்டு!” என்று அவரே கத்துவார். “இது ஒன்பது!” பதினாலில் பன்னிரண்டுக்கு இப்படித் தலை கிடைத்துவிட்டது. மீதி இரண்டு எங்கிருந்து வந்தன என்று இருவருக்கும் தெரியவில்லை. கீழே தானியக் கப்பல் ஒன்று இரண்டு மணி நேரம் காத்திருந்தது. மேற்பார்வையாளர் தொண்டை கிழியக் கத்திப் பார்த்துவிட்டு, கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து அவரும் கேட்டார்.

அல்லேக்ரா கிளம்புவதற்கு முந்தைய மாலை, ரம் ஊற்றிய காப்பியை முன்னால் வைத்துக்கொண்டு லேபிள் விவகாரத்தைப் பேசினார்கள். பழைய தட்டுகளில் பெயரை மாற்றச் சொல்லி மிலானோவுக்கு எழுதவா என்று எஜிஸ்தோ கேட்டார்.

“எதை மாத்துவீங்க? ஆரம்பம் அவருது, முடிவு உங்களுது. இருக்கட்டும். ஆனா இனிமே போடுறதுல அவர் பேரு வேண்டாம். அவர் கேக்காத பாட்டை அவர் தலையில கட்டாதீங்க.”

“இனிமே எதைப் போடப் போறேன்?”

“அது உங்க பாடு,” என்றாள்.

அந்தக் கோடை முழுக்க அவர் தினமும் சவரம் செய்தார், ஒன்றும் வரவில்லை. செப்டம்பரில் ஒருநாள் மத்தியானம், பருத்தி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருக்கும்போது வந்தது. பிரிமோவை உடனே கிரேனுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். அக்கார்டியனை முதுகில் கட்டிக்கொண்டு அவன் அந்த ஏணியில் ஏறியதை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. பதினெட்டாவது பாட்டு டிசம்பரில் பத்தாவது தட்டாக வந்தது. லேபிளில் இரண்டு இடத்திலும் மன்னூச்சி. ஊரின் தீர்ப்பு ஒரே வாரத்தில் வந்துவிட்டது.

“லும்ப்ரோசோ போனதும் மெட்டு கெட்டுப்போச்சு,” என்றார்கள் மீனவர்கள், என் கடையில் நின்றுகொண்டே.

எஜிஸ்தோ அவர்களிடம் நடந்ததை முழுக்கச் சொன்னார். பதினாலு மெட்டு தானே போட்டது என்றார். ஒருவரும் நம்பவில்லை. “எல்லாத்தையும் நான்தான்னு சொல்றது உன் வழக்கம்தானே,” என்றார்கள். அவருக்கு முகம் சிவந்தது, ஆனால் அன்று ரொட்டியை நன்றாகச் சாப்பிட்டார்.

இப்போது பிப்ரவரி. ஏழாவது நாடகத்தின் இரண்டு அங்கங்கள் தயார். ஒரு பட்டன் வியாபாரி வருகிறார், படிக்கட்டில் அவரைப் பார்த்தும் பேசாத பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனும் வருகிறான். அந்தப் பையனுக்கு நல்ல வசனம் ஒன்றுகூட எஜிஸ்தோ எழுதிக் கொடுக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

போன வாரம் அல்லேக்ராவிடமிருந்து கடிதம். பத்தாவது தட்டை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினாளாம். எழுபத்தாறு வயது, காது பாதிதான் கேட்கும். முழுக்கக் கேட்டுவிட்டு, “இவன் முடிக்கிறானே, பரவாயில்ல,” என்றாராம். கூடவே வேறொன்றும் சொன்னாராம். தோபியாவின் அந்த மூன்று மெட்டும் அவருடையவை அல்லவாம். கல்யாணத்துக்கு முன்பு பட்டன் பெட்டியோடு தூனிசுக்கும் மால்டாவுக்கும் கப்பலில் அலைந்த காலத்தில் யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்தவையாம். யாரிடம் என்று அம்மாவுக்குத் தெரியுமாம். ஆனால் கடிதத்தில் எழுதுகிற சமாச்சாரம் இல்லையாம், நேரில் வந்தால் சொல்கிறாராம்.

மார்செய் போக வெள்ளிக்கிழமை ரயிலுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். கடையைத் தங்கை பார்த்துக்கொள்வாள். எஜிஸ்தோவும் வருகிறேன் என்கிறார். ஒரு நாள் முழுக்க ரயிலில் அவர் பெருமை பேசுவதைக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டுமே என்பதுதான் என் ஒரே கவலை.